சிங்காரப்பேட்டையில் சிங்காரப்பேட்டையைத் தேடிய ஞாயிறு

போன பதிவில் ஒரு பழைய கணினி விளையாட்டின் படத்தைப் போட்டிருந்தேன். கறுப்புத் திரையில் நான்கு விண்கலங்கள். பெயர்கள்: மத்தூர், கெலவரப்பள்ளி, சிங்காரப்பேட்டை, நாங்குநேரி. அவை வந்து நிற்கும் விண்வெளி நிலையத்தின் பெயர் ஓசூர். விண்வெளிக்கும் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டீர்கள். அதற்குப் பதிலாகத் தொண்ணூறுகளின் நடுவில் நான் போன ஒரு பயணத்தை எழுதிவிடுகிறேன். அப்போது அது தருமபுரி மாவட்டம். அன்றைய பஸ் கட்டணத்தைச் சொன்னால் நடத்துநரோடு சண்டைக்குப் போவீர்கள், அதனால் அது வேண்டாம்.

ஓசூரில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஓர் அறை. ஷிப்ட் வேலைக்காரர்கள் தங்கிய அந்த லைனில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நாலு குமாரும் மூணு செல்வமும் இருந்தால் வேறு என்ன செய்வது? “மத்தூர எழுப்பு, ஷிப்டுக்கு நேரமாச்சு” என்றால் எழுந்திருக்க வேண்டியது ஒரு ஆள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த நான் நாங்குநேரி.

மத்தூர் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவன். யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை அறைக்குக் கொண்டுவந்து, எங்களை வைத்தே அந்த விளையாட்டை எழுதினான். மத்தூர் கப்பல் எல்லாவற்றிலும் முந்திப் போகும், அவனைப் போல. கெலவரப்பள்ளி மெதுவாக வரும், ஆனால் வயிறு நிறையச் சரக்கு. அந்த நண்பன் உள்ளூர் விவசாய வீட்டுப் பிள்ளை, வீட்டுக்குப் போய் அறைக்குத் திரும்பும்போதெல்லாம் தக்காளியும் பாலும் கொண்டுவருவான். எரிபொருள் தீர்ந்து அந்தரத்தில் நின்றுவிட்டால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், சிங்காரப்பேட்டை வந்து கட்டி இழுத்துப் போகும். அவன் லேத் ஓட்டுபவன். நாங்கள் பஸ்ஸைத் தவறவிட்டு எங்கே நின்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். என் கப்பலுக்குத் தனித் திறமை எதுவும் இல்லை. சும்மா விட்டால் நிலையத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். கோபம் வந்தது, ஆனால் சரியாகத்தான் எழுதியிருந்தான்.

ஒவ்வொருவராகப் போனார்கள். மத்தூருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கெலவரப்பள்ளிக்குக் கல்யாணம் ஆனது. சிங்காரப்பேட்டை வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். நான் ஷிப்டில் இருந்தபோது, எனக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான். கம்ப்யூட்டரும் நானும் மிஞ்சினோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். எரிபொருளை வேண்டுமென்றே தீர்த்துவிட்டு அந்தப் பொத்தானை அமுக்குவேன். கட்டி இழுக்க யாரோ வருவதைப் பார்க்க நன்றாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் கம்பெனியில் லேத்துக்கு ஆள் எடுத்தார்கள். “தெரிஞ்ச ஆள் இருந்தா திங்கக்கெழம கூட்டிட்டு வா” என்றார் சூப்பர்வைசர். சிங்காரப்பேட்டை திரும்பி வந்தால் அறையை வைத்துக்கொள்வது. வராவிட்டால் நானும் காலி செய்துகொண்டு போய்விடுவது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் கெலவரப்பள்ளி போனேன். ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். அணையில் தண்ணீர் நிறைய இருந்தது. தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து இங்கேதான் நம் பக்கம் நுழைகிறது, பார்க்க வேண்டிய இடம். நண்பன் தோட்டத்தில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தான். மனைவியிடம் தெலுங்கில் டீ கேட்டான், என்னிடம் தமிழுக்கு மாறினான்.

“நாளைக்கு நீயும் வாயேன், மூணு பேரும் ஒண்ணா இருந்து ரொம்ப நாளாச்சு” என்றேன்.

“தண்ணி பாய்ச்சற மொறை எனுக்கு நாளைக்குத்தாம்ப்பா. நீ போயி நான் கேட்டேன்னு சொல்லு” என்றான். ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்து அனுப்பினான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ், சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறினால் மத்தூர், ஊத்தங்கரை தாண்டி சிங்காரப்பேட்டை. அது இன்னொரு அறுபத்தைந்து இருக்கும். மத்தூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. சந்தைக்கு வந்த கூட்டம் கோழிகளோடு ஏறியது. அந்த ஊர் அத்தனை நிதானமாக இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் மத்தூர் ஓர் இடத்தில் நின்று பார்த்ததில்லை.

சிங்காரப்பேட்டையில் இறங்கி, டீக்கடையில் போய் வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. யார் என்று கேட்பது? சிங்காரப்பேட்டையில் நின்றுகொண்டு சிங்காரப்பேட்டை எங்கே என்று கேட்க முடியுமா! ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறோம். பெயரை முதல் நாள் சொன்னான், அதோடு சரி. தக்காளிப் பையோடு அசடு மாதிரி நின்றேன்.

“யாரப் பாக்கணும்?” என்றார் டீக்கடைக்காரர்.

“பாய் வீட்டுப் பையன். உயரமா இருப்பான். லேத் ஓட்டுவான். ஓசூர்ல இருந்தான்.”

“அட, நம்ம ஓசூரானா! மொதல்லயே சொல்றதில்லயா? பள்ளிவாசல் தெருவுல புளி மண்டி. நேரா போங்க.”

இங்கே அவனுக்கு ஓசூரான் என்று பெயர். 

மண்டியில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், “டேய் நாங்குநேரி!” என்று எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டான். கையெல்லாம் புளி, என் சட்டையில் ஒட்டியது.

உள்ளே கட்டிலில் இருந்த அவன் அப்பா, “யாருப்பா அது?” என்றார்.

“என் ரூம்மேட் அத்தா. நாங்குநேரி.”

“அது ஊருப்பா. புள்ளயோட பேரு என்னா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை! இருவரும் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, புதிதாகப் பார்த்தவர்கள் போலப் பெயர் சொல்லிக்கொண்டோம். அவன் ஜாபர். நான் இசக்கிமுத்து.

சாப்பிட்ட பிறகு வேலை விஷயத்தைச் சொன்னேன். “எங்க கம்பெனியில லேத்துக்கு ஆள் எடுக்காங்க. நாளைக்கே வரணும்.”

உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். “அத்தாவுக்குக் கண்ணு தெரியலப்பா. எடை போட்டா முள்ளு எங்க நிக்குதுன்னு புரியறதில்ல. நான் வந்துட்டா மண்டிய யாரு பாப்பாங்க?”

 அவன் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் தாங்கவில்லை.

“நம்ம கப்பலெல்லாம் இன்னும் ஓடுதா?” என்று கேட்டான்.

“ஓடுது. பெட்ரோல் தீந்தா உன்னத்தான் கூப்பிடுதேன்.”

“வந்துடறனா?”

“அதுல வந்துருத.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தராசுத் தட்டைத் துடைத்தான்.

நாலு மணி பஸ்ஸுக்கு ஏற்றிவிட வந்தான். காலையில்தான் பெயர் தெரிந்துகொண்டோம். ஆனாலும் பஸ் நகர்ந்ததும், “நாங்குநேரி, லெட்டர் போடுடா!” என்றுதான் கத்தினான். “சரிடா சிங்காரப்பேட்டை!” என்றேன். பஸ்ஸில் இருந்த உள்ளூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கெலவரப்பள்ளிக்கு மாலையில் போங்கள், வெயில் தாழ்ந்தால் அணை அழகாக இருக்கும். சிங்காரப்பேட்டைக்கு ஓசூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம், காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். புளி வாங்குவதானால் கடைகளைவிட மண்டியில் நன்றாக இருக்கும். நண்பனைத் தேடிப் போகிறீர்களென்றால் அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதமே அறையைக் காலி செய்தேன். பிறகு வேலை பார்த்த இடங்களில் என்னைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள், கொஞ்ச வருஷத்தில் ‘சார்’ சேர்ந்துகொண்டது. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நடத்துநர் “நாங்குநேரி, நாங்குநேரி” என்று கூவும்போது மட்டும் இன்றும் சட்டென்று திரும்பிவிடுகிறேன். பஸ்ஸுக்குத்தான் ஆள் கூப்பிடுகிறார்.