அம்சாவின் வெள்ளி மணல்

"வெள்ளி போல் மின்னும் மணல். கால் நனைக்கும் தூரத்தில் கடல். உங்கள் கனவு இல்லத்துக்கு ஏற்ற கடலோர மனைகள்!"

டி.வி.யில் ஒரு குரல் குழைந்துகொண்டிருந்தது. திரையில் வெயில் பட்டு ஏதோ தகதகத்தது. சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்சாக்கா கையில் கரண்டியோடு எழுந்து டி.வி.யிடம் போனார்.

"யோவ், இங்க வந்து பாருய்யா! இது மணலு இல்ல. என் நெத்திலி!"

"எந்த நெத்திலி?" என்றார் கணவர் தாண்டவராயன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"போன வாரம் காயவச்சனே, அது. அதோ பாரு, என் நீலத் தார்ப்பாய். மூலையில பொசுங்கின ஓட்ட தெரியுதா இல்லியா?"

தெரிந்தது. கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, தூரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். காயவைத்தவரைத் தவிர வேறு யாருக்கும் அது மீன் என்று தோன்றாது.

இந்தக் காட்சியை அம்சாக்கா எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார். தாண்டவராயன் ஒரு முறை சொன்னார். பக்கத்து வீட்டு சம்பூர்ணம் நடித்தே காட்டினார். நடந்தது 2003 மாசி மாதம். அப்போது நான் ஊரில் இல்லை. மூன்று வருடம் வடக்கே சுற்றிவிட்டு ஆனியில் வந்து இறங்கினேன். எங்கள் வீடு கல்பாக்கம் நகரியத்தில். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வாசலில் அன்னக்கூடையை இறக்குபவர் அம்சாக்கா. அம்மாவும் அவரும் ஒரு கூறு சங்கராவுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். கடைசியில் அக்கா தன் விலைக்கே கொடுத்துவிட்டு, "உன் பொண்ணு எளச்சிப் பூட்டா" என்று இரண்டு மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போவார். அவரோடு பேரத்தில் ஜெயித்தவர் யாரும் நகரியத்தில் இல்லை. ஆனால் தோற்றதாகவும் யாரும் நினைத்ததில்லை.

அவர் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் சின்னமேட்டுக் குப்பம். நூற்றுப் பன்னிரண்டு வீடு. வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரிய திடல், கருவாட்டுக் களம். நெத்திலியும் காரப்பொடி மீனும் அங்கேதான் காயும். காலையில் பரப்பி, உச்சியில் புரட்டி, பொழுது சாய அள்ளுவார்கள். கடலுக்குப் போவது ஆண்கள் என்றால் களம் பெண்களுடையது. விற்காத மீன் அன்றே வீணாகாமல் இருப்பது அந்தக் களத்தால்தான். கடல் எதுவும் தராத மாதங்களில் குப்பத்தில் உலை கொதிப்பதும் அதனால்தான்.

விளம்பரம் வந்த மறுநாள் காலை களத்தின் ஓரத்தில் வெள்ளைக் கற்கள் நட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் ஓர் எண். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். டை கட்டிய ஒருவர், "வாசனையப் பத்திக் கவலப்படாதீங்க சார், இவங்கள்ளாம் காலி பண்ணிருவாங்க" என்று சொன்னது நெத்திலி புரட்டிக்கொண்டிருந்த அம்சாக்காவின் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை, ஓரமாக நின்று கேட்பார்கள். மனு எழுதி செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுப்பது என்று முடிவானது. கொடுத்தார்கள். சர்வேயர் வந்து அளப்பார், அவர் கையில் ஏற்கெனவே முப்பது ஊர் இருக்கிறது என்றார்கள். மனு தன் நடையில் போயிற்று. விளம்பரமோ ஒரு நாளைக்கு ஆறு தடவை ஓடியது. செங்கல்பட்டிலும் திருப்போரூரிலும் ஆட்கள் முன்பணம் கட்டுவதாகச் செய்தி வந்தது. சர்வேயர் வருவதற்குள் நாற்பது பேர் பத்திரத்தோடு வந்து நின்றால் என்ன செய்வது? அம்சாக்காவுக்கு அதுதான் பயம்.

விளம்பரம் ஓடியது உள்ளூர் சேனலில். அதை நடத்தியவர் கேபிள்காரர் பக்தவத்சலம். அந்தக் கரையில் பதினெட்டுக் குப்பத்துக்கு அவர்தான் கேபிள். மெயின் ரோட்டில் அவர் ஆபீஸ். அம்சாக்கா கூடையோடு நேராக அங்கே போனார்.

"அண்ணாத்த, அந்த வெளம்பரத்த நிறுத்து. அது எங்க களம்."

"ஏம்மா, மனைக்காரன் துட்டு குடுக்குறான், நான் போடுறேன். அது யாரு எடம்னு பாக்குறது என் வேலயா?"

"உன் கண்ணுக்கு அது மணலாவா தெரியுது?"

"டி.வி.யில பாத்தா மணலுதான்."

"எங்க குப்பமே காசு கட்டித்தான உன் கேபிள பாக்குது. நாங்க சொன்னா கேக்க மாட்டியா?"

பக்தவத்சலம் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, அதிகம் சிரிப்பவர். "கேக்காட்டி இன்னா பண்ணுவ? கேபிள நிறுத்துவியா? உங்க குப்பத்துப் பொம்பளைங்க சீரியல் பாக்காம ஒரு வாரம் இருந்துருங்க. அப்புறம் வா, பேசலாம்."

அந்தப் பேச்சுதான் அவருக்கு வினையாக முடிந்தது. பேரத்தில் எதிராளி வாயைத் திறந்து ஒரு விலை சொல்லிவிட்டால் அம்சாக்கா அதைப் பிடித்துக்கொள்வார்.

முதலில் தன் வீட்டில் ஆரம்பித்தார். குப்பத்தில் முதல் வீடு அவருடையது. கேபிள்காரரின் பூஸ்டர் பெட்டி அவர் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. அவர் வீட்டுக் கரண்டில்தான் ஓடியது. அந்தக் குப்பத்துக்கும் அதற்குத் தெற்கே மூன்று குப்பத்துக்கும் படம் அந்தப் பெட்டி வழியாகப் போனது. அதற்கு ஈடாக அம்சாக்காவுக்கு மட்டும் கேபிள் இலவசம். லைன்மேன் நரசிம்மனைக் கூப்பிட்டு, "உன் பொட்டிய நீயே கயட்டிகினு போ. என் கரண்ட்ல என் களத்த விக்க வாணாம்" என்றார்.

நரசிம்மன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீடு சம்பூர்ணத்தினுடையது. அம்சாக்கா அவருக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தார்.

சம்பூர்ணத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். ஏழரை மணி சீரியல் ஓடும்போது கடலே பொங்கி வீட்டுக்குள் வந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

"யக்கா, மருமவ ஜெயில்ல கீறா. நாளைக்குத் தீர்ப்பு. தீர்ப்பு வந்ததும் நிறுத்திடுறேன்."

"தீர்ப்பு நாளைக்கு வராது. ரெண்டு மாசமா நாளைக்கு நாளைக்குன்றான்."

"இருந்தாலும்..."

"சம்பூர்ணம், நீங்கள்ளாம் மாசம் நூறு ரூவா குடுத்து, நான் கரண்ட் குடுத்து, நம்ம களத்த எவன் வாங்குறான்னு குந்திகினு பாத்துகினு கீறோம். இத்த விட அசிங்கம் உண்டா?"

சம்பூர்ணம் எழுந்து போய் டி.வி.யின் பின்னாலிருந்து ஒயரைப் பிடுங்கினார். கண் கலங்கியிருந்தது என்று அம்சாக்கா சொல்கிறார். மூக்கில் தூசி ஏறியது என்று சம்பூர்ணம் சொல்கிறார்.

சம்பூர்ணமே பிடுங்கிவிட்டார் என்றதும் மற்ற பெண்களுக்குச் சாக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆண்கள்தான் முரண்டு பிடித்தார்கள். உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

"வருசத்துல இத்தினி மாசம் உட்டுட்டு, மேட்ச் நடக்கசொல்லதான் உனுக்குக் களம் ஞாபகம் வந்துச்சா?" என்றார் தாண்டவராயன்.

"இந்தியா ஆடுறத கவர்மென்ட் டி.வி.யிலயே காட்டுறானாம். பரண்ல பழைய அன்டெனா கீது. படகு வலிச்சிகினு கடலுக்குப் போறவனுக்கு ஒரு கம்பம் நடத் தெரியாதா?"

தாண்டவராயனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய பாய்மரக் கம்பத்தின் உச்சியில் அன்டெனாவைக் கட்டி, அதைக் களத்தின் நடுவில், வெள்ளைக் கற்களுக்கு உள்பக்கமாக நட்டார். மாதா கோவில் கொடிமரம் மாதிரி நின்றது. ஊருக்கே ஒரு டி.வி. படம் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. பந்து எது, புள்ளி எது என்று சண்டை போட்டுக்கொண்டே எல்லா ஆட்டத்தையும் பார்த்தார்கள். மனை பார்க்க வந்த வேன்காரர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமில்லை. மனை எண் ஏழிலிருந்து இருபது வரை ஆட்கள் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

நரசிம்மன் பூஸ்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருவரும் அதற்குக் கரண்ட் தரவில்லை. "தூக்கிகினு திரியிறியே நைனா, கொயந்த அழுவுதா?" என்று கிழவர்கள் கேட்டார்கள். தெற்கே மூன்று குப்பத்திலும் டி.வி. இருண்டது. முதல் நாள் அங்கிருந்து சண்டைக்கு வந்தார்கள். களத்தையும் கல்லையும் பார்த்தார்கள். "நாளைக்கு எங்க களத்துக்கும் இதே கல்லுதான்" என்று திரும்பிப் போய்த் தங்கள் ஒயர்களையும் பிடுங்கினார்கள்.

ஐந்தாம் நாள் காலை பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு வீட்டு ஒயரையும் வளையம் வளையமாகச் சுருட்டி, மீன் கூடைகளில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மெயின் ரோட்டில் வரிசையாக நடந்தார்கள். மாமல்லபுரம் பஸ்ஸில் போனவர்கள் இன்றைக்கு என்ன மீன் என்று எட்டிப் பார்த்தார்கள். பக்தவத்சலம் ஆபீஸ் வாசலில் கூடைகளைக் கவிழ்த்தார்கள். கறுப்பு ஒயர் இடுப்பு உயரத்துக்குக் குவிந்தது.

"இன்னாம்மா இது, ஆபீசே நாறுது!"

"கவலப்படாத அண்ணாத்த," என்றார் அம்சாக்கா. "நாங்கள்ளாம் காலி பண்ணிட்டோம்."

சாயங்காலங்களில் பெண்கள் களத்திலேயே தங்கினார்கள். கருவாடு பிரித்துக்கொண்டே, "மருமவ இன்னா ஆனாளோ" என்று யாரோ பெருமூச்சு விட, சம்பூர்ணம் தானே கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தினமும் ஏழரைக்கு. அவர் கதையில் மருமகள் இரண்டாம் நாளே விடுதலையானாள். நான்காம் நாள் மாமியாரின் பங்களாவை ஏலத்தில் எடுத்தாள். பத்தாம் நாள் ஒரு படகு வாங்கினாள். கேட்கத் தெற்குக் குப்பத்துப் பெண்களும் வந்தார்கள். ஒரு வாரம் கடந்தது யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் பக்தவத்சலமே வந்தார். சிரிப்பு பாதியாகியிருந்தது. நான்கு குப்பம் போனதோடு, ஒயர் ஊர்வலத்தைப் பார்த்த வடக்குக் குப்பங்களிலும் பேச்சு ஆரம்பித்திருந்தது.

"சரிம்மா, வெளம்பரத்த எடுத்துடுறேன். பெரச்சன தீந்துதா?"

பேரத்தில் அதுதான் எதிராளியின் இரண்டாவது விலை. அம்சாக்கா தலையாட்டவில்லை.

"எடுத்தா பத்தாது. பாத்தவன்லாம் பாத்துட்டான், துட்டு கட்டுறவன் கட்டிகினு கீறான். நான் பேசுறத போடு. அது எத்தினி தபா ஓடுச்சோ அத்தினி தபா ஓட்டு. அதே நேரத்துல."

"நீ பேசுறதா? டி.வி.யிலயா?"

"ஏன், என் நெத்திலி வரலாம், நான் வரக் கூடாதா?"

பக்தவத்சலம் களத்தைப் பார்த்தார். கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு கேமராவுக்கு ஆள் அனுப்பினார்.

அந்தப் படத்தை நான் அவர் ஆபீசில் போட்டுப் பார்த்தேன். முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை. அம்சாக்கா களத்தில் நிற்கிறார். ஒரு கை நெத்திலியை அள்ளிக் கேமராவிடம் நீட்டுகிறார்.

"நல்லாப் பாத்துக்குங்க. இது மணலு இல்ல, நெத்திலி. இது மனை இல்ல, சின்னமேட்டுக் குப்பத்துக் களம். ஊருப் பொறம்போக்கு. யாரும் விக்க முடியாது, யாரும் வாங்க முடியாது. துட்டு கட்டினவங்க போயி திருப்பி வாங்கிக்குங்க. மனைக்காரன் பத்திரம் காட்டினா எங்களாண்ட வாங்க, நாங்க களத்த காட்டுறோம். கருவாடு வேணும்னாலும் வாங்க. நல்ல வெலைக்குத் தரேன்."

ஒரு நாளைக்கு ஆறு தடவை ஓடியது. மூன்றாம் நாள் முன்பணம் கட்டியவர்கள் மனை ஆபீசில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் அந்த ஆபீசின் பலகை இறங்கியது. வேன்கள் நின்றன. சித்திரையில் சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து, களம் முழுவதும் ஊர்ப் பொதுவுக்கான புறம்போக்கு என்று எழுதிக் கொடுத்தார். அன்று பெண்களே கடப்பாறை போட்டுக் கற்களைப் பிடுங்கினார்கள். ஊர்க்கூட்டத்தில் அன்றுதான் முதல்முறையாக அம்சாக்காவை உட்காரச் சொன்னார்கள். "நின்னுகினே பேசி பயகிடுச்சி" என்று நின்றபடியே பேசினாராம்.

கேபிள் இணைப்பைப் பாதி வீடுகள் திரும்ப வாங்கவேயில்லை. சம்பூர்ணம் வாங்கினார், ஒரே வாரத்தில் துண்டித்தார். அவரைக் கேட்டேன்.

"போ கண்ணு. அவ இன்னும் ஜெயில்லயே குந்திகினு கீறா. என் மருமவ ரெண்டாவது படகு வாங்கிட்டா."

நான் களத்துக்குப் போன அன்று நல்ல வெயில். கார் ஒன்று வந்து நின்றது. உள்ளேயிருந்து இறங்கிய அம்மாள் ஒருவர், "டி.வி.ல வந்தது நீங்கதானே?" என்று கேட்டு இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிப் போனார். பேரம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

காற்று வீசியது. நீலத் தார்ப்பாயின் மூலை, அந்தப் பொசுங்கிய ஓட்டையோடு, படபடத்து எழுந்தது. அம்சாக்கா பக்கத்தில் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றைத் தூக்கி அதன்மேல் வைத்தார். சிவப்பு எழுத்து இன்னும் அழியவில்லை. மனை எண் 14.

"இது யாரோட மனை அக்கா?" என்றேன்.

"என்னுதுதான்," என்றார், குனிந்து நெத்திலியைப் புரட்டியபடியே. "பதினாலு, பதினஞ்சி, அந்தாண்ட பதினாறு. எல்லாம் கடலப் பாத்த மனை."