நிரஞ்சினி பார்த்த டச் டவுன்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடும் சிறு கழகங்களுக்கு நிரஞ்சினி ஒன்பது வருடமாகக் கோட்டு நடுவர். வார நாட்களில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; சனிக்கிழமைகளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. விதிப் புத்தகத்தை வென்ட்வேர்த்வில் ரயிலில் போகவர வாசித்தே கரைத்துக் குடித்தவள்.

கூட வேலை செய்யும் ஜெகதீஷை இந்த விளையாட்டுக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான். மூன்றாவது வருடமே அவனை இறுதியாட்டத்துக்கு, வெள்ளைத் தொப்பி போடும் தலைமை நடுவராக நியமித்தார்கள். ஒரு வரியில் வாழ்த்து அனுப்பினாள். பிறகு அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அவன் சிரித்தாலே எரிந்தது. வீரர்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், தன்னை வெறும் "லைன்" என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இறுதியாட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நான்கு புள்ளி பின்தங்கியிருந்த நீல அணியின் ஓட்டக்காரன் பந்தோடு கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்தான். எதிராளி தட்ட, பந்து கைநழுவி உருண்டு, கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள மைதானத்தின் பின்கோட்டையும் கடந்து வெளியே போனது. ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் தள்ளி நின்ற ஜெகதீஷ், கோல் கோட்டுக்கு முன்பே நழுவியது, விதிப்படி இனிப் பந்து எதிரணிக்கு என்று தீர்ப்புச் சொன்னான்.

கோல் கோட்டிலேயே நின்றவள் நிரஞ்சினி. இந்த விளையாட்டில் ஆள் கோட்டைத் தாண்டத் தேவையில்லை. கையிலுள்ள பந்தின் நுனி கோட்டுக்கு நேர் மேலே வந்தாலே டச் டவுன், ஆறு புள்ளி. அதன்பின் நழுவினாலும் கவலையில்லை. நுனி வந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆனால் கை உயரவில்லை. ஆட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள். நாளைக்கு எல்லோரும் அவன் பிழையைப் பார்ப்பார்கள். அந்த நினைப்பு இனித்தது.

ஓட்டக்காரன் புல்லில் முழந்தாளிட்டபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விசிலை ஊதிவிட்டு ஜெகதீஷிடம் நடந்தாள்.

"பந்து கோட்டுக்கு மேல வந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் நழுவினது. டச் டவுன்."

"நிச்சயமாப் பார்த்தீங்களா அக்கா?"

"ஓம். உடன சொல்லியிருக்கோணும். சொல்லேல்ல."

அவன் உடனே இரண்டு கைகளையும் உயர்த்தித் தீர்ப்பை மாற்றினான். நீல அணி வென்றது. பயிற்றுநர்கள் அவனைச் சூழ்ந்து, பிழையைத் திருத்தத் தயங்காத நடுவர் என்றார்கள். அவன் அவளைக் காட்டி, பார்த்தது இவர்தான் என்றான். அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி அவன் பக்கம் திரும்பினார்கள்.

அந்தப் பெருந்தன்மையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. காரில் விடுகிறேன் என்றவனிடம் ரயிலில் போவதாகச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை, தலைமை நடுவர் தேர்வு எப்போது என்று நடுவர் சங்கத்துக்கு எழுதினாள். ஒன்பது வருடத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. அவர்களாகவே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டாள். மார்ச்சில் தேர்வு, விண்ணப்பத்தில் ஒரு தலைமை நடுவரின் பரிந்துரை வேண்டும் என்று பதில் வந்தது. அந்த இடத்தில் ஜெகதீஷின் பெயரை எழுத அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.