மாஸ்டரின் கதிரையும் குசினி வாசலும்

வீட்டு அறைக்குள் ஸ்பீக்கர் சத்தம் எப்படிப் பரவுகிறது என்று மைக் வைத்து அளந்து சொல்வது என் தொழில். ஸ்பீக்கரில் பிழை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் அநேகமாக அறையில்தான் பிழை. அதைச் சொன்னால் என்னில் பிழை பிடிப்பார்கள். வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும். கடலோர உப்புவெளியில் ஒரே வீட்டுக்கு மூன்று நாள் அலைந்த கதையைக் கேளுங்கள்.

கழுவின வீடு

கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மரியதாஸ் மாஸ்டர். புது ஸ்பீக்கரில் பாஸ், அதாவது அடித்தொனி, இல்லையாம், எவ்வளவு கூட்டினாலும் காணாதாம். அவருடைய மனைவி றீற்றா அக்காவுக்கோ ஓயாத தலையிடி. சத்தம் குறையாவிட்டால் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் தங்கச்சி வீட்டோடு போய்விடுவேன் என்று, உடுப்புப் பையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கியே வைத்துவிட்டார். எப்படியாவது சரியாக்கித் தரும்படி மாஸ்டர் போனில் கேட்டபோது குரலில் பயம் தெரிந்தது.

போனால் அறை மொட்டையாகக் கிடக்கிறது. நான் வருகிறேன் என்று வீட்டைக் கழுவி, ஜன்னல் கேர்ட்டினைத் தோய்க்கப் போட்டு, கம்பளத்தைச் சுருட்டி, குஷன்களை முற்றத்தில் காயவைத்திருக்கிறார்கள். கை தட்டினால் கிணற்றுக்குள் தட்டியது போல எதிரொலிக்கிறது. இதை அளந்து என்ன பிரயோசனம்? எல்லாவற்றையும் பழையபடி போடுங்கள், நாளைக்கு வருகிறேன் என்றேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

“தம்பி, வெளி ஆள் வாற நேரம் ஊத்தைக் கேர்ட்டினோட வீட்டைக் காட்ட ஏலுமே?”

ஏறிப்போன சத்தம்

அளப்பதற்கு ஸ்பீக்கரில் ஒரு சத்தம் விடவேண்டும். அடித்தொண்டையில் தொடங்கி, கூவிக்கொண்டே மேலே ஏறும். இரண்டாம் நாள் கேர்ட்டினும் கம்பளமும் பழையபடி இருந்தன. ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். புழுங்குது என்று அக்கா ஒன்றைத் திறந்துவிட்டார்.

மூன்றாவது தடவை சத்தம் ஏறியபோது வெளியே ஒரே கூச்சல். பக்கத்து வீட்டு மீன்பிடிக்காரர் சின்னராசா அண்ணை, அடையாள அட்டையும் காணி உறுதிப் பத்திரமும் வைத்திருக்கும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து இழுத்தபடி றோட்டில் நிற்கிறார். பின்னால் இன்னும் நாலு வீட்டுச் சனம். கடல் வருகிறது என்று எச்சரிக்கும் சைரன் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றைய அளவு முழுக்கப் பாழ். அண்ணை மட்டும் பையைக் கீழே வைக்கவேயில்லை.

“தம்பி, இனி உந்தச் சத்தத்தைப் போடுறதெண்டா முதலே வந்து சொல்லிப்போடுங்கோ. ஓடுறதுக்கு எனக்கு முழங்கால் காணாது.”

ஃபேனுக்குக் கீழே

மூன்றாம் நாள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். மாஸ்டர் இருந்து பாட்டுக் கேட்கிற கதிரை அறைக்கு நட்டநடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. அங்கே மைக்கை வைத்தால் பாஸ் இல்லவே இல்லை. சுவர்களில் பட்டுத் திரும்பும் சத்த அலைகள் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மாஸ்டர் கூட்டுகிறார், கூட்டுகிறார், அவருக்குக் கேட்பதேயில்லை. அப்படியானால் அது எங்கே போகிறது? மைக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மூலையில் இருக்கிற குசினி வாசலில், திரையில் பாஸைக் காட்டும் கோடு உச்சிக்குப் பாய்ந்தது. அங்கேதான் அக்கா முக்காலியில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

கதிரையைப் பின்சுவரோடு போடுங்கள், சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் பாஸ் கேட்கும் என்றேன். அங்கே காத்து வராது என்று மாஸ்டர் அரைமணி நேரம் என்னோடு வாதாடினார். எனக்குப் பொறுமை போய், அவரைக் குசினி வாசலுக்குக் கூட்டிப்போய் அக்காவின் முக்காலியில் இருத்திவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாஸ் இடித்த இடியில் பாதிப் பாட்டிலேயே எழும்பி, உடுப்புப் பையை ஒருதரம் பார்த்துவிட்டு, தானே கதிரையை இழுத்துக்கொண்டு போனார். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“இதைத்தானே நான் இவ்வளவு நாளும் சொன்னனான். எனக்கெண்டு ஒரு மைக் இல்லாமப் போச்சு.”

அந்த அறையைச் சரியாக அளந்து வைத்திருந்த ஆள் முதல் நாளே என்னோடு கதைத்தும், சத்தம் எங்கே இடிக்கிறது என்று அவரிடம் கேட்காமல், மூன்றாம் நாள்வரை நான் மைக்கிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.