எட்டுக்கு மூன்று சுற்று

என் மகள் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், கால் ஊன்றியதை நானாகப் போய்ச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் துணி மடிக்கும்போது, எங்கே சொல்லியிருக்கப் போகிறாய் என்று எனக்கே சிரிப்பு வரும். லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் பதில் தெரியவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு கொட்டாரம் ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில். என் கணவருக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் நானும், கணவரின் அம்மாவான மாமியும், நாலு வயது மகளும். கணக்கில் முதுகலை முடித்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு, இந்த வருடம் அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. மகளையும் அங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒரே சிக்கல், எங்கள் பக்கத்து பஸ் அங்கே போய்ச் சேரும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும்.

வீட்டில் கணவரின் பைக் சும்மா நிற்கிறது. நேர் ரோட்டில் அதை ஓட்ட எனக்கு ஏற்கெனவே வரும். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் பிள்ளையைப் பின்னால் ஏற்றமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தேன். எல்.எல்.ஆர். எடுத்தேன். பள்ளி திறப்பது ஒரு திங்கட்கிழமை. டெஸ்டுக்குக் கிடைத்த தேதி அதற்கு முந்தின வியாழன். அன்று தவறினால் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

டெஸ்ட் என்றால் எட்டுதான். கால் தரையில் படாமல், வண்டி அணையாமல், மெதுவாக எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். வேகமாகப் போனால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கிறது. மெதுவாகப் போனால்தான் நாம் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளை வளர்ப்பு மாதிரி என்று ஒருநாள் நினைத்தேன், பிறகு அது சரியான ஒப்பீடுதானா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். நான் அப்படித்தான்.

வீட்டுக்குப் பின்னால், மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருக்கிறது. கோடையில் காலியாகக் கிடக்கும். அதில் மாமியே கோலப்பொடியால் எட்டு வரைந்து தந்தார்கள். ஒன்றை ஒன்று தொடும் இரண்டு வட்டம். காம்பஸ் வைத்து நான் போட்டிருந்தாலும் அத்தனை சுத்தமாக வந்திருக்காது. வெறும் எட்டு கிடந்தால் கண்ணுக்கு நன்றாக இல்லை என்று ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு தாமரை வேறு போட்டார்கள். அதன்மேல் டயர் ஏறிவிடக் கூடாதே என்ற பயத்தில் முதல் நாள் ஒரு எட்டுக்குள் ஒன்பது முறை கால் ஊன்றினேன்.

ஒன்பது என்று துல்லியமாகச் சொல்லக் காரணம் என் மகள். களத்துக்குள் ஓடி வராமல் இருக்க அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, என் கால் தரையைத் தொட்டால் "அம்மா, காலு" என்று கத்த வேண்டும். அவள் அந்த வேலையை மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டாள். சாப்பாடு ஊட்டும்போதுகூட என் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கணவர் வீடியோ காலில் வந்து சொல்லித்தருவார். போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு நான் சுற்றுவேன். முதல் கியரில் போ, கிளட்சைப் பாதி பிடித்தபடி வை, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை ஒரே அளவில் கொடு, முன் பிரேக்கைத் தொடவே தொடாதே என்பார். எல்லாம் புரியும். ஆனால் கண் மட்டும் முன் சக்கரத்தை விட்டு நகராது. போனிலிருந்து அவர் கத்துவார்.

"ஏட்டி, கீழ என்னத்தத் தேடுத? கம்மலு விழுந்து போச்சா? போற எடத்தப் பாரு. நீ பாக்குத எடத்துக்குத்தான் வண்டி போவும்."

மாமி போன் பக்கம் திரும்பி, "எல, நீ அங்க சோத்தத் தின்னுட்டு வேலைக்குப் போ. அவ படிச்சவ. பத்து மட்டம் விழுந்தா பதினோராவது மட்டம் ஓட்டிருவா" என்றார்கள். என்னைப் புகழ்ந்தார்களா, விழச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

நாலாவது நாள் கால் ஊன்றாமல் ஒரு எட்டு முழுதாக வந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. மாமியின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. என்ன என்று கேட்டதற்கு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்கள்.

"ஒரு வட்டம் வலத்துல சுத்துத, சரி. மத்த வட்டம் எடத்துல இல்லா சுத்துத. எடத்துல சுத்துறது சாவுக்குத்தான் மக்கா."

கோயிலிலானாலும் அரசமரத்தடியிலானாலும் வலமாகத்தான் சுற்றுகிறோம். இடமாகச் சுற்றுவது பிணத்தைத்தான். ஆனால் எட்டின் ஒரு வட்டம் வலமென்றால் மற்றது இடமாகத்தான் இருக்க முடியும். இதை விரலால் காற்றில் வரைந்து விளக்கினேன். மாமி கவனமாகக் கேட்டார்கள். பிறகு ஒரு வழி சொன்னார்கள். வலத்தில் தொடங்கு, இடத்தில் போ, ஆனால் அதோடு நிறுத்தாதே. இன்னொரு வட்டம் வலத்தில் சுற்றி முடி. முதலும் கடைசியும் வலமாக இருந்தால் நடுவில் உள்ளதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. ஆனால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகப்போகிற வண்டி. மறுக்கவும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து என் எட்டுக்கு மூன்று சுற்று.

ஒரு வாரத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. வலச் சுற்று வெண்ணெய் மாதிரி வந்தது, இடச் சுற்றில் வண்டி ஆடியது. கணக்கு டீச்சருக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலத்துக்கு இரண்டு, இடத்துக்கு ஒன்று என்றுதானே பழகுகிறேன். ஆகவே மாமி பால் வாங்கப் போகும் நேரத்தில் இடமாக மட்டும் பத்துச் சுற்று சுற்றினேன். ஒரு கண் வாசல் பக்கமே இருந்தது. மாமி படியேறும் முன்பே என் மகள் ஓடிப்போய், அம்மா இந்தப் பக்கமாகவே சுத்தினாள் என்று கையைச் சுழற்றிக் காட்டிவிட்டாள்.

நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். மாமி பால் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு, "அப்ப குளிக்கதுக்கு முந்திச் சுத்து. சுத்திட்டுத் தலைக்கு ஊத்தீரு. சரியாப் போவும்" என்றார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பதில்லையா, அதே முறைதான். அதன் பிறகு விடிந்ததும் இடம், குளித்த பிறகு வலம் என்று ஆனது. தினமும் தலைக்கு ஊற்றியதில் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. ஆனால் எட்டு வந்துவிட்டது.

வியாழக்கிழமை என் தம்பி பைக்கை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து டெஸ்ட் மைதானத்துக்குப் போனேன். மாமியும் மகளும் ஆட்டோவில் வந்து வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லியும் வந்தார்கள். பெண்கள் எல்லாரும் ஸ்கூட்டர் கொண்டுவந்திருந்தார்கள். பைக்கோடு நின்ற என்னிடம் ஒரு பெண், வீட்டுக்காரருக்கு டெஸ்டா என்று அக்கறையாக விசாரித்தாள்.

என் முறை வந்தது. தரையில் கோடு இல்லை, சிறு கம்புகள்தான் நட்டிருந்தார்கள். தாமரையும் இல்லை. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கையசைத்ததும் கிளட்சைப் பாதி விட்டேன். கம்பைப் பார்க்கவில்லை, அடுத்துப் போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன். வலம் வந்தது. நடுவில் கடந்தேன். இடம் வந்தது, ஒரு ஆட்டம்கூட இல்லை. மறுபடி நடுவைக் கடந்தேன். எட்டு முடிந்தது. அதே நொடியில் கை தானாக வலப்பக்கம் திரும்பி மூன்றாவது சுற்றை ஆரம்பித்துவிட்டது.

பாதிச் சுற்றில்தான் உறைத்தது. இது வேண்டாமே, நிறுத்திவிடலாமா, நிறுத்தினால் தப்பாகுமா, முடித்துவிடலாமா. இத்தனையும் யோசித்தபடி கிளட்சை முழுதாகப் பிடித்துவிட்டேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பிரேக்கில் இருந்த காலை எடுத்துத் தரையில் ஊன்றினேன்.

இன்ஸ்பெக்டர் அப்போது அடுத்தவரின் தாளை வாங்கிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்தது. காலைத் தூக்கி மேலே வைத்தேன். அதற்குள் வேப்பமரத்தடியிலிருந்து மைதானம் முழுவதும் கேட்கும்படி, "அம்மா, காலு" என்று ஒரு சத்தம்.

எல்லாரும் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "கால் வச்சீங்களாம்மா?"

"வச்சேன் சார்."

"எப்ப?"

"மூணாவது சுத்துல சார்."

எட்டுக்கு ஏது மூன்றாவது சுற்று என்று கேட்டார். மறைக்க என்னால் முடியவில்லை. இடத்தில் முடிக்கக் கூடாது என்று வீட்டில் மாமி சொல்லியிருப்பதைச் சொன்னேன். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மாமி எங்கே என்று கேட்டார். மாமி மரத்தடியிலிருந்தே கை தூக்கினார்கள்.

அவர் தாளைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார். நான் திங்கட்கிழமையையும் பள்ளிக்கூடத்தையும் நினைத்துக்கொண்டேன்.

"எட்டு நான் பாத்தேன். ரெண்டு சுத்துலயும் கால் படல. மூணாவது சுத்து உங்க மாமிக்குப் போட்டது, அதுக்கு மார்க்கு அவங்கதான் போடணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்களுக்கு ஒரே ஒரு குறைதான். மூன்றாவது சுற்றைப் பாதியில் விட்டுவிட்டேனாம். தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, அவனையே பைக்கில் அந்த அரைச் சுற்றை முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். அவன் முடியவே முடியாது என்று ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

திங்கட்கிழமை மகளைப் பெல்ட்டால் என்னோடு சேர்த்துக் கட்டி, அவள் தலையில் சின்ன ஹெல்மெட்டை மாட்டி, அஞ்சுகிராமம் ரோட்டில் ஏறினேன். காற்று கொஞ்சம் தள்ளியது. அவள் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள், பதினான்குக்குப் பிறகு மறுபடி ஒன்று. நான் பாடிக்கொண்டு ஓட்டினேன் என்பதே பள்ளி வாசலில் அவள் சொல்லித்தான் தெரிந்தது.

காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. சாயங்காலம்தான். பாதி வழியில் தூங்கிவிடுகிறாள். பெல்ட் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஹெல்மெட்டோடு தலை இடப்பக்கம் தொங்கும்போது வண்டியும் அந்தப் பக்கம் இழுக்கிறது. ஓரமாக நிறுத்தி எழுப்பினால் அழுகிறாள். முன்னால் உட்கார வை என்கிறார் கணவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. முறுக்கைக் கையில் கொடு, தூங்கமாட்டாள் என்கிறார்கள் மாமி. முறுக்கோடு தூங்கினாள். பள்ளியிலேயே அரைமணி நேரம் தூங்கவைத்துவிட்டுக் கிளம்பலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் அப்புறம் இருட்டிவிடுமோ என்றும் இருக்கிறது. சின்னப் பிள்ளையைப் பின்னால் வைத்துத் தினமும் ஓட்டுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தூங்குகிற பிள்ளையை நீங்கள் எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் எழுதுங்கள்.