மிளகாய்ப் புகையில் மறைத்த காய்ச்சல்

கொரோனா காலத்தில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு, கர்ப்பிணிகளைப் பார்க்கும் மிட்வைப் மிஸ்ஸி வந்த அன்று, அடுப்பில் ஒரு பிடி காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டு வறுத்தவள் நான். மருமகளுக்கு அப்போது ஆறு மாதம். மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும். தெரிந்தால் அவளைத் தனியாக எங்கோ கொண்டுபோவார்கள், லயத்தையே மூடுவார்கள், பன்னிரண்டு வீட்டிலும் ஒருவரும் வேலைக்குப் போக முடியாது. புகை கிளம்பியதும் எல்லோரும் இருமினோம். மிஸ்ஸியும் இருமினார்.

“யாருக்கும் காச்சல் இல்லதானே?”

“ஒரு கொறையும் இல்ல மிஸ்ஸி. மொளகாதான் கொஞ்சம் காரம்.”

சிரித்தபடி கிளினிக் அட்டையில் எழுதிவிட்டுப் போனார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பேரனுக்கு இப்போது நான்கு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சு வரவில்லை. டின் மூடியைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் மருமகளைத்தான் குறை சொன்னார்கள். வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே போனாளாம், எந்நேரமும் போனைப் பார்த்தாளாம். எல்லோரும் போன பிறகுதான் அவள் குடத்தைத் தூக்குவாள். அந்தக் காய்ச்சலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பேரனைக் கூட்டிக்கொண்டு போன கண்டி டவுன் கிளினிக்கில், யாழ்ப்பாணத்து டாக்டரம்மா மிஸ்ஸி எழுதிய அந்த அட்டையைப் புரட்டினார்.

“பிள்ளை வயித்தில இருக்கேக்க காய்ச்சல் ஏதும் வந்ததோ? இதில ஒண்டும் இல்லை.”

மருமகள் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான் கதிரையை விட்டு எழுந்தேன்.

“வந்துச்சு டாக்டர். நாந்தான் மொளகா வறுத்து மறைச்சேன். அதுலயே எழுதுங்க.”

“மிளகாயோ!” சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “அப்பிடியான காய்ச்சலால சில பிள்ளையளுக்கு இப்பிடி வாற சாத்தியம் கொஞ்சம் கூடலாம். இந்தப் பிள்ளைக்கு அதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. காய்ச்சல் வந்த கன பேரின்ர பிள்ளையள் நல்லாத்தான் இருக்கினம். தாயில ஒரு பிழையும் இல்லை. முதலே தெரிஞ்சிருந்தா நாங்கள் நேரத்தோட கவனிச்சிருப்பம். இனிக் கிழமைக்கு ஒருக்கா பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டு வாங்கோ.”

அந்த நேரத்தைப் பறித்தவள் நான்தான். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை நான். மறுநாள் காலை, பீலிக்கரையில் கூட்டம் நிறைந்திருக்கும்போதே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“மிஸ்ஸியவே இரும வச்சியா ஆத்தா?” என்றாள் ஒருத்தி.

“ஆமாடி. இனி எம் மருமகளப் பேசுற வாயிலயும் அதே மொளகாதான்.”

சிரித்தார்கள். சற்று நேரத்தில் மருமகள் ஒரு கையில் குடமும் மறு கையில் மகனுமாக வந்தாள். வரிசை நீளமாகத்தான் இருந்தது. கடைசியில் போய் நின்றுகொண்டாள்.