தொண்ணூற்றாறாவது குஞ்சு

எங்கள் வீட்டில் காலையில் ஆமை என்று சொல்லக் கூடாது. மத்தியானத்துக்கு மேல் சொன்னாலும் அம்மாவுக்கு முகம் சுருங்கும். அந்தப் பிராணி வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பேச்சில் வந்தாலே பாதி வந்த மாதிரிதான் என்பது அம்மா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கடலோரத்தில் ஆமை முட்டைக்குக் காவல் இருக்கும் வேலைக்குப் போனார்.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி எங்கள் பலசரக்குக் கடை. மாமா படிப்பை முடித்ததும் கடையில் அப்பாவுக்குத் துணையாக நிற்பார் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவரும் நாலைந்து வருஷம் நின்றார். பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போது உப்பு லாரி போனால் தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார். "மாப்ள, லாரி போயிருச்சு, நீங்க உள்ள வாங்க" என்பார் அப்பா. ஒருநாள் மாமா நிஜமாகவே போய்விட்டார். சாயல்குடிக்குத் தெற்கே, கடல் சரணாலயத்தைச் சேர்ந்த ஒரு கரையில் தற்காலிகக் காவலாள் வேலை. ஒவ்வொரு சீசனுக்கும் ஆபீசிலிருந்து போன் வந்தால்தான் வேலை உண்டு. கிணற்றில் இறங்கவே பயப்படுகிறவர் கடலுக்கு என்ன காவல் காப்பார் என்று அப்பா கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா போன் செய்வார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள். நான் போனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வேன். மழை முடிந்த மாதங்களில், உப்பளத்துத் தண்ணீரில் ரோஸ் நிறப் பறவைகள் வந்து ஒற்றைக் காலில் நிற்கின்றன என்பார். கரைக்கு எதிரே உள்ள தீவுக்கு இந்தப் பக்கம் கடலுக்கு அடியில் புல்வெளி இருக்கிறது, கடல் பசு வந்து மேய்கிறது என்பார். தை பிறந்தால் 'அது' கரையேறிக் குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அக்காவுக்காக மாமாவும் அதை 'அது' என்றுதான் சொல்வார். எனக்கு ஒன்பது வயது. கடலைப் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் எங்கள் பக்கத்துப் பருத்திக் காடெல்லாம் நீலத் தண்ணீருக்குள் கிடக்கும். அதற்குள் பசுக்கள் அசை போட்டுக்கொண்டு மெல்ல நடக்கும். கழுத்து மணிச் சத்தம் தண்ணீருக்கு மேலே வரும். ரோஸ் பறவைகள் வரப்பில் நின்று பார்க்கும். மாமாவின் குரல் போய்க்கொண்டே இருக்கும், நான் அப்படியே தூங்கிவிடுவேன்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு மாமா கூப்பிட்டார்.

"அக்கா, வார சனிக்கிழம குஞ்சு விடுற விழா. ஊரே கரைக்கு வரும். பாப்பாவக் கூட்டிக்கிட்டு வா."

"அதப் போயி நான் எதுக்குப் பாக்கணும்?"

"நீ அதப் பாக்க வேணாம். என்னயப் பாக்க வா. யூனிபார்ம் குடுத்திருக்காக."

அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். யூனிபார்முக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை.

அப்பாவைக் கடையில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம். அம்மா என் பச்சை வாட்டர் கேனில் கழுத்து வரை நல்ல தண்ணீர் ஊற்றி என் தோளில் மாட்டினாள். எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. போர் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், காய்ந்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணீர் வண்டியில் வரும். குடத்தோடு வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். அதைச் சிந்தினால் எனக்கு அடி விழும். தாகம் என்று கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொன்னால் அதைவிடப் பலமாக விழும்.

மூன்று பஸ் மாறிப் போய் இறங்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கடல், நான் தரையில் படுத்துப் பார்த்த கடல் மாதிரி இல்லை. அதற்கு வரப்பே இல்லை. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினேன். இவ்வளவு தண்ணீரும் உப்பா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரோ கவனமில்லாமல் இத்தனையையும் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மாமா காக்கிச் சட்டையில் நின்றார். சட்டை ஒரு அளவு பெரிது. காக்கையையும் நாயையும் விரட்டக் கையில் ஒரு கம்பு. அம்மா அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போயிட்டியேலே" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று எனக்கே தெரிந்தது.

மேட்டு மணலிலிருந்து தண்ணீர் வரைக்கும் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே ஊர் உட்கார்ந்திருந்தது. பங்குச் சாமியார் ஜெபம் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். எல்லாருக்கும் காகிதத்தில் சுண்டல் வந்தது. சரணாலய அதிகாரி மைக்கில் பேசினார். குஞ்சுகளை யாரும் தொடக் கூடாது; அவை தாமாக மணலில் நடந்து போனால்தான் பிறகு திரும்பி வர வழி தெரியும்; இன்றைக்கு மொத்தம் தொண்ணூற்றாறு என்றார். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குஞ்சையும் அலை வந்து எடுக்கும்போது கரையில் உள்ள எல்லாரும் சேர்ந்து எண்ணுவார்கள்.

மாமா கூடையோடு குனிந்து நடந்து ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார். ஒன்று, இரண்டு என்று பிள்ளைகள் கத்தினார்கள். கடல் செம்புப் பாத்திரம் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. குஞ்சுகள் நடக்கும், நிற்கும், யோசிக்கும், மறுபடி நடக்கும். முப்பது தாண்டியதும் கத்தல் அடங்கிவிட்டது. ஐம்பதுக்குமேல் எல்லாரும் தூக்கத்தில் எண்ணுகிற மாதிரி எண்ணினார்கள். என் பக்கத்தில் இருந்த மீனவப் பெண் ஒவ்வொரு குஞ்சுக்கும், "போயிட்டு வா ராசா" என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரணாலயத்தின் வேலையெல்லாம் இந்தப் பெண்தான் செய்கிறாள் போல எனக்குத் தோன்றியது.

மாமா என் முன்னால் வந்தபோது ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "மெல்ல மணல்ல விட்ரு, தாயி" என்று கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தார். அக்கா மகள் அத்தனை தூரம் வந்திருக்கிறாள், ஊரோடு ஊராக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதா என்று நினைத்திருப்பார். அந்த வேலையில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

அது எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு இருந்தது. துடுப்பு மாதிரியான கைகளால் என் கையைத் தள்ளியது. அதன் கண்ணில் ஈரம் இருந்தது. உப்புத் தண்ணீருக்குப் போக மனமில்லாமல் அழுகிறது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோய் இந்தத் தண்ணீரில் விடுகிறார்களே, இவர்களுக்கு நல்ல தண்ணீரே தெரியாதா என்று கோபம்கூட வந்தது. எல்லார் கண்ணும் அலையில் இருந்தது; அம்மா 'அதை'ப் பார்க்க மாட்டேன் என்று பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் கேனைத் திறந்தேன். பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. குஞ்சை அதற்குள் விட்டு மூடி, மடியில் அணைத்துக்கொண்டேன். வீட்டுக் கொல்லையில் நல்ல தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் மூடியை அம்மா மட்டும்தான் திறப்பாள் என்பதை எப்படிச் சமாளிப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் எண்ணிக்கை நின்றது. கரையே அடுத்ததற்காகக் காத்திருந்தது. மாமா கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டே கயிற்றோரமாக மேலே வந்தார். குஞ்சு போன இடமெல்லாம் மணலில் தையல் போட்ட மாதிரி தடம் இருந்தது. என் காலுக்கு முன்னால் மணல் சும்மா கிடந்தது. மாமா அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"காக்கா தூக்கிருச்சு, சார்" என்றார்.

"காக்காய விரட்டத்தானப்பா ஒன்னய நிறுத்தியிருக்கு?"

அதிகாரி கையில் மைக் அணையாமல் இருந்தது. கரை முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அதிகாரி சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். மாமா கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார். எந்தக் காக்கையும் வரவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். மாமாவுக்குக் கண் சரியில்லை, ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லிக் கண்ணாடி போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் மாதாகோயில் பக்கம் நின்றது. கேனுக்குள் முதலில் கரகரவென்று பிராண்டும் சத்தம் கேட்டது. பஸ்ஸை நெருங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. தூங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தாயி, தாகமா இருக்கு. அந்தத் தண்ணியக் கொஞ்சம் குடு."

"இல்ல மாமா. தீந்துபோச்சு."

கேனின் கனம் என் தோளை இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "தண்ணிய இல்லைங்கிறியாடி? யாரு வீட்டுப் பிள்ள நீ?" என்று என் தொடையில் கிள்ளினாள். நான் கேனை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை. அதுவும் மாமாவுக்கு. வெட்கத்தில் காது சுட்டது. மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நல்ல தண்ணி குடிச்சு எம்புட்டு நாளாச்சு. குடிச்சிட்டுத் தந்திர்றேன், தாயி. சீக்கிரம்."

அந்தச் 'சீக்கிரம்' என்னவோ செய்தது. கொடுத்துவிட்டேன். அவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் போனார். "தண்ணி குடிக்க அங்கன ஏன்லே போற?" என்று அம்மா கத்தினாள். திரும்பி வந்து இடது கையால் கேனைக் கொடுத்தார். வலது கை மூடியபடி நெஞ்சோடு இருந்தது. பஸ் கிளம்பியது. அம்மா கை அசைத்தாள். மாமா அசைக்கவில்லை; பஸ் திரும்புவதற்குள் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கிவிட்டார்.

"பாத்தியா, ஒம் மேல வருத்தம். கைகூட ஆட்டல" என்றாள் அம்மா.

நான் கேனைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மாமா குஞ்சோடு சேர்த்துக் குடித்துவிட்டார். அருப்புக்கோட்டை வரை அழுதேன். மனம் திருந்தி அழுகிறேன் என்று அம்மா பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் நான் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, வயிறு வலிக்குதா?" மூன்றாவது ஞாயிறு பொறுக்க முடியாமல் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், "அதையும் சேத்துக் குடிச்சிட்டீகளா?" என்று கேட்டுவிட்டேன். மாமா இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"கடல்ல விட்டுட்டேன், தாயி. மொதல்ல அசையாமக் கெடந்துச்சு. மணல்ல வச்சு, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பெறகு தானா நடந்து போச்சு. தொண்ணூத்தாறுன்னு நான் மட்டும் எண்ணிக்கிட்டேன்."

"அப்ப சார்ட்டச் சொல்லி நோட்டுல மாத்தச் சொல்லுங்க."

"சொல்றேன். நீ யார்ட்டயும் சொல்லாத. அம்மாட்டக்கூட."

அவர் சொல்லவில்லை. சொன்னால் அது யார் கையில் இருந்தது, அந்தக் கையில் வைத்தது யார் என்று கேட்பார்கள். ஆமைக் குஞ்சைப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம் என்பதும், அந்தச் சாயங்காலம் என் அம்மாவைக் கரையில் நிறுத்தி விசாரிக்காமல் காப்பாற்றியது ஒரு காக்கை என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அப்போது எனக்கு ஒரே நிம்மதி. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

காக்கைக் கதை அம்மா வாயிலாகவே அப்பாவுக்கு வந்தது. அப்பாவிடமிருந்து கடைக்கு, கடையிலிருந்து பந்தல்குடிக்கு. சீசன் முடிந்து மாமா வீட்டுக்கு வந்த பிறகு, "என்ன மாப்ள, காக்காயெல்லாம் சொகமா?" என்று அப்பா கேட்பார். மாமாவும் சிரிப்பார். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அதை இப்போது எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

புரட்டாசியில் வர வேண்டிய போன் வரவில்லை. மாமா இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். போன் மணி அடித்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போவார். ஐப்பசி மழை வந்தது, நின்றது. மார்கழி போயிற்று. தை பிறந்து பத்து நாள் இருக்கும், ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆணி வெறுமனே இருந்தது. மாமா கடையில் சர்க்கரை மடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நீங்க அங்க போகவே வேண்டாமா, மாமா?"

"வேண்டாம், தாயி."

"நெசமாவா? எப்பவுமே?"

அவர் பொட்டலத்தைக் கட்டி, நூலைப் பல்லால் அறுத்தார். "எப்பவுமேதான்" என்றார்.

மாமா இனி எங்களோடேயே இருப்பார் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதை அம்மாவுக்கு நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று, பையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடினேன்.