எலுமிச்சம்பழத்தில் ஏறாத கார்

ஐம்பதை நெருங்கும் வயதில் முதல் ரிமோட் கார் வாங்கப் போனேன். “அண்ணே, புதுசா பழகுறவுகளுக்கு மெதுவாப் போறதுதான் நல்லது” என்றார் கடைக்காரர். மதுரை டிராஃபிக்கில் தினமும் நிஜக் கார் ஓட்டுகிறவனிடம் சொல்லும் பேச்சா இது? ரோஷத்தில், இருப்பதிலேயே வேகமானதை வாங்கிக்கொண்டு கோச்சடையில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன்.

“பொம்மைக்கு எதுக்குங்க பூஜை?” என்று மனைவி சிரித்தாள். வண்டி என்றால் வண்டிதான். வாசலில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டேன். நான்கு சக்கரங்களுக்கு முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழமும் சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம். ரிமோட்டை லேசாக அழுத்திப் பார்த்தேன்; கார் நகரவில்லை. விடுவேனா? விசையை முழுதாக அழுத்தினேன். கார் எகிறிப் பறந்து, எதிரே நிறுத்தியிருந்த என் நிஜக் காரின் விளக்கை உடைத்துவிட்டுக் குப்புற விழுந்தது.

மனைவி விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து பழங்களைப் பொறுக்கினாள்.

“ஒண்ணுகூட நசுங்கல. மதியத்துக்கு எலுமிச்சம்பழச் சோறு கிண்டிருறேன்.”

தினமும் சாப்பாட்டில் உப்பு, காரம் என்று குறை சொல்கிறவன் நான். அன்று சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தேன்.